கல்லூரிக் கணக்கை முதல் வாரத்திலேயே பூட்டுவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வழிகாட்டி

கல்லூரியில் சேர்ந்த சில நாட்களுக்குள் உங்களுக்கு ஒரு பயனர்பெயரும் ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லும் தரப்படும். மாணவராகச் சேர்ந்தாலும், ஆசிரியராகவோ அலுவலகப் பணியாளராகவோ சேர்ந்தாலும், பெரும்பாலும் அந்த ஒரே கணக்கைக் கொண்டுதான் மின்னஞ்சல், நூலகத்தின் மின்னிதழ்கள், பாடங்கள் பதிவேற்றப்படும் தளம், மதிப்பெண் பட்டியல், கட்டணப் பக்கம், வைஃபை என எல்லாவற்றுக்குள்ளும் நுழைவீர்கள். வேறொருவர் அந்தக் கணக்குக்குள் புகுந்துவிட்டால் அவருக்குக் கிடைப்பது உங்கள் கடிதங்கள் மட்டுமல்ல. அந்த முகவரியைக் கொடுத்து நீங்கள் பதிவு செய்திருக்கும் எந்தத் தளத்திலும் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினால், புதிய கடவுச்சொல் வைப்பதற்கான இணைப்பு அவர் கண்முன் வந்து விழும். ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மின்னஞ்சல் கணக்கு முதலில். மற்றவை அதற்குப் பிறகு. முதல் நான்கு படிகளை ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

1. தற்காலிகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்

தற்காலிகக் கடவுச்சொற்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: பிறந்த தேதி, சேர்க்கை எண், பெயரின் முதல் நான்கு எழுத்துகள் அல்லது இவற்றின் ஏதோ ஒரு சேர்க்கை. உங்களுக்குக் கொடுக்கப்பட்டது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்த எவரும் அடுத்த இருக்கையில் இருப்பவருடையதையும் ஊகித்துவிட முடியும்; சேர்க்கை எண்கள் வரிசையாகத்தான் போகின்றன, பிறந்த நாளை நண்பர்கள் அனைவரும் அறிவார்கள். எனவே கைக்கு வந்த அன்றே மாற்றுங்கள். உங்கள் சொந்தக் கருவியில், கல்லூரி கொடுத்த தாளில் உள்ள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் மாற்றுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பின் வழியாகப் போக வேண்டாம்.

அதே பக்கத்தில் மீட்புக்கான தொலைபேசி எண்ணையும், கல்லூரியைச் சாராத உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் பதிவு செய்யுங்கள். சில அமைப்புகள் இன்னும் பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கின்றன: படித்த பள்ளி, தாயின் பிறந்த ஊர், முதல் செல்லப்பிராணி. இவற்றுக்கு உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் நுழைந்தவர் ஒரு கல்லூரி மாணவர். அவர் எந்த நிரலையும் எழுதவில்லை. பேலினின் பிறந்த தேதியையும், அஞ்சல் குறியீட்டையும், கணவரை முதன்முதலில் சந்தித்த இடத்தையும் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துக் கேள்விகளுக்குப் பதிலாகக் கொடுத்தார், அவ்வளவுதான். பள்ளியின் பெயரைக் கேட்கும் இடத்தில் தொடர்பே இல்லாத மூன்று சொற்களை எழுதி, மூன்றாம் படியில் சொல்லவிருக்கும் கடவுச்சொல் பெட்டகத்தில் சேமித்துவையுங்கள்.

2. கடவுச்சொல்லை நீங்கள் யோசிக்காதீர்கள், பகடையிடம் விட்டுவிடுங்கள்

ஒழுங்காக நடத்தப்படும் எந்தத் தளமும் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்டெடுத்த ஹாஷ் என்னும் ஒரு நீண்ட எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணிலிருந்து கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கோப்பைத் திருடியவர் தன் கணினியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக ஹாஷ் செய்து பார்த்து, எது பொருந்துகிறது என்று தேட முடியும். அங்கே மூன்று தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைப் பூட்டும் காவல் எதுவும் இல்லை. பழைய, வேகமான ஹாஷ் முறையைப் பயன்படுத்திய தளமாக இருந்தால், நல்ல வரைகலை அட்டை பொருத்திய ஒரு கணினி நொடிக்கு 1,000 கோடிக்கும் மேலான ஊகங்களைச் சோதித்துவிடும்.

இந்த வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டைக் கொண்டு அமைக்கக்கூடிய கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,880 கோடி. கேட்பதற்குப் பெரிய எண்தான். மேலே சொன்ன வேகத்தில் 21 நொடிகளில் முடிந்துவிடும். முதல் எழுத்தைப் பேரெழுத்தாக்கி, 'a' இருக்கும் இடத்தில் '@' போட்டு, கடைசியில் 1 சேர்த்தால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லோரும் அதே இடத்தில் அதே மாற்றங்களைச் செய்வதால், ஊகிக்கும் நிரல்கள் அவற்றை முதலிலேயே முயன்றுவிடுகின்றன. இது புதிய செய்தியும் அல்ல. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வெளியிட்ட, பின்னர் மாரிஸ் வோர்ம் என்று பெயர்பெற்ற, கணினிக்குக் கணினி தானே பரவும் நிரல், கடவுச்சொற்களை ஊகிக்கத் தன்னுடன் கொண்டு போனது 432 சொற்கள் கொண்ட ஒரு சிறு பட்டியலைத்தான். அத்துடன் பயனரின் பெயரையும், அதைத் தலைகீழாக்கியும் முயன்று பார்த்தது. அது பரவியதற்கு மென்பொருள் குறைகளும் காரணம் என்றாலும், இத்தனை சிறிய பட்டியலுக்கே கணக்குகள் திறந்துகொடுத்தன.

எனவே மனிதர் மனத்தில் உதிக்கும் சொல் வேண்டாம். எதேச்சையாக விழுந்த சொற்கள் வேண்டும், அவை பல இருக்க வேண்டும். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-இல் முன்வைத்த டைஸ்வேர் முறை இன்றைக்கும் மிகச் சிறந்த வழி. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டுங்கள். 4, 1, 6, 2, 5 என்று விழுந்தால், இந்த முறைக்கென்றே தயாரிக்கப்பட்ட, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் 41625 என்ற எண்ணுக்கு எதிரே இருக்கும் சொல் உங்கள் முதல் சொல். இப்படி ஆறு சொற்களை எடுத்து, இடையே ஒரு சிறு கோடு போட்டு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கு சொற்களோடு நிறுத்தினால், நொடிக்கு 1,000 கோடி என்ற அதே வேகத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று முடிக்க ஏறத்தாழ நான்கு நாட்கள் போதும். ஐந்து சொற்களுக்கு 90 ஆண்டுகள் ஆகும். ஆறு சொற்களுக்கு ஏழு லட்சம் ஆண்டுகள். பிடிக்காத சொல் விழுந்துவிட்டது என்று மறுபடி உருட்டாதீர்கள். நம் விருப்பம் நுழையும் இடத்தில்தான் ஊகிப்பவருக்கும் வழி கிடைக்கிறது.

தமிழ்ச் சொற்களை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வைக்கலாம், ஆனால் நினைவில் நிற்கும் பாடல் வரியோ, குறளோ, பழமொழியோ, ஊர்ப்பெயரோ கூடாது. ஆயிரம் பக்கத்துக்குக் குறையாத ஒரு தமிழ் அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 1,000 வரை ஓர் எண்ணைத் தரச் சொல்லித் தொலைபேசியில் உள்ள எதேச்சை எண் செயலியைக் கேளுங்கள். அந்தப் பக்கத்தின் முதல் சொல்லை எடுங்கள். 'ஏணி', 'தவில்', 'பஞ்சு', 'நெம்பு' என்பது போல ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள் வந்து சேரும். பட்டியல் சிறியது என்பதால் இங்கே ஆறு போதாது, ஏழு சொற்கள் வேண்டும். அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள், எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்திலேயே வைத்தால் சில தளங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும், ஆய்வகக் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாத நாளில் உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற விதி பல இடங்களில் இன்னும் இருக்கிறது. எண், குறியீடு, பேரெழுத்து ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய ஆலோசனைகள் பரவக் காரணமான ஆவணம், அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அதே நிறுவனம் 2017-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது: காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம், குறியீடுகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றது. முதல் ஆவணத்தை எழுதிய பில் பர், தான் அன்று சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக வெளிப்படையாகவே கூறினார். உங்கள் கல்லூரியில் பழைய விதி இன்னும் நடப்பில் இருந்தால் அதன்படி நடக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி எண்ணை ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு முறையும் முழுத் தொடரையும் புதிதாக உருட்டி எடுங்கள்.

3. ஒரு கணக்குக்கு ஒரு கடவுச்சொல். அதற்கு ஒரு பெட்டகம்

நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தளத்தின் பக்கத்திலிருந்து கசிவு நிகழலாம். கணினிக் கடவுச்சொல் தொடக்கத்தில் புழங்கிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகம்; ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் நேரப்பகிர்வு அமைப்பு அங்கே 1961-இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. 1962-லேயே அங்கு ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர், வாரத்துக்கு நான்கு மணி நேரமே தனக்கு ஒதுக்கப்பட்டது போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஒரு துளையிட்ட அட்டையைக் கணினிக்குக் கொடுத்து மொத்தப் பட்டியலையும் எடுத்துக்கொண்டார். அந்த வளாகத்தில் இருந்த வேறு எந்தப் பயனரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து ஹாஷ்கள் திருடப்பட்டன. முதலில் வெளியே தெரிந்தவை 65 லட்சம், 2016-இல் விற்பனைக்கு வந்தபோது அந்த எண்ணிக்கை 11 கோடியைத் தாண்டியிருந்தது.

ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் மற்ற நூறு தளங்களில் தானாக முயன்று பார்க்கும் நிரல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்துக்கு வைத்த கடவுச்சொல்லையே கல்லூரிக் கணக்குக்கும் வைத்தால், அந்த விளையாட்டுத் தளத்தின் அலட்சியம் உங்கள் மதிப்பெண் பட்டியல் வரை வந்துவிடும். இதிலிருந்து தப்ப ஒரே வழி, எந்த இரண்டு இடத்திலும் ஒரே கடவுச்சொல் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான். அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். அதற்காகத்தான், எல்லாவற்றையும் ஒரே முதன்மைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டிவைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜர் என்னும் கடவுச்சொல் பெட்டகம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லாக் கருவிகளிலும் ஒரே பெட்டகம் வேண்டும் என்பவர்களுக்கு, இலவசமாகவும் கிடைக்கிற, மூலநிரல் திறந்திருக்கிற பிட்வார்டனைப் பரிந்துரைக்கிறேன். எதையும் இணையத்தில் வைக்க விரும்பாதவர்கள் கீபாஸ்எக்ஸ்சி-யை நிறுவி, அதன் கோப்பைத் தாங்களே பாதுகாக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், உலாவியோடும் தொலைபேசியோடும் வருகிற பெட்டகத்தையாவது பயன்படுத்துங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதைவிட அது பல மடங்கு மேல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல்லைப் பகடை உருட்டி எடுத்த ஆறு சொற்களாக வையுங்கள். 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே நகலெடுக்கப்பட்டன. கடவுச்சொற்கள் உள்ளே சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால், திருடியவருக்கும் அவற்றுக்கும் இடையே நின்றது ஒவ்வொருவரும் வைத்திருந்த முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமைதான்.

அந்த ஆறு சொற்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் சான்றிதழ்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். எழுதிவைக்கவே கூடாது என்று சொல்லிப் பழகியவர்கள் இதைக் கேட்டுத் திகைக்கலாம். உங்கள் கடவுச்சொல்லைத் தேடும் நிரல் எங்கோ தொலைவில் ஓடுகிறது. அது உங்கள் அலமாரியைத் திறக்கப்போவதில்லை. கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டுவதும், விசைப்பலகைக்கு அடியில் செருகுவதும்தான் கூடாது.

பழைய கடவுச்சொற்கள் எங்கேனும் கசிந்திருக்கின்றனவா என்று பார்க்க, டிராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்டு என்ற தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். பட்டியலில் வந்த கணக்குகளை முதலில் மாற்றுங்கள்; மற்றவற்றை, அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாகப் பெட்டகத்துக்குள் கொண்டுவந்தால் போதும்.

4. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்

கடவுச்சொல் பறிபோனாலும் கணக்கு பறிபோகாமல் இருக்க, உங்கள் கையில் இருக்கும் ஒரு பொருளையும் சேர்த்துக் கேட்பதே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. இதில் தரவரிசை உண்டு. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி கடைசி இடத்தில் இருக்கிறது. உங்கள் பெயரில் வேறொரு சிம் கார்டை ஏமாற்றி வாங்கியவருக்கு அந்தச் செய்திகள் எல்லாம் போய்ச் சேரும். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதையே இயக்குங்கள், ஒன்றும் இல்லாததைவிட அது மேல். அதற்கு மேலான படியில் ஆத்தென்டிகேட்டர் செயலிகள் இருக்கின்றன. முதலில் ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஓர் இரகசிய எண் உங்கள் தொலைபேசிக்குள் பதிந்துவிடுகிறது. பிறகு அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்கங்களைச் செயலியே கணக்கிடுகிறது. இதற்கு இணைய இணைப்போ சிக்னலோ தேவையில்லை. தொலைபேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும்.

இந்த ஆறு இலக்கங்களையும் ஏமாற்றிப் பறிக்க முடியும் என்பது இதன் குறை. போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்ததை அந்த நொடியே உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே நுழைபவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வதுதான் உங்கள் தொலைபேசியிலோ கணினியிலோ இருக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீயும், பென் டிரைவ் போல இருக்கும் பாதுகாப்புச் சாவியும். எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டுமே பாஸ்கீ பதில் சொல்லும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும், நீங்களே ஏமாந்து நின்றாலும், அது பதில் தராது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் இதற்கான ஆதரவை விரிவாக்குவதாகச் சேர்ந்து அறிவித்தன. கல்லூரிக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பாஸ்கீ என்ற தேர்வு தென்பட்டால் தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் "நீங்கள்தானா?" என்று கேட்டு அனுமதி கோரும் முறையைச் சில கல்லூரிகள் வைத்திருக்கின்றன. நீங்கள் உள்நுழையாத நேரத்தில் அப்படியொரு கேள்வி வந்தால், உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மறுத்துவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்து, சலிப்பில் ஒருமுறை சம்மதம் அழுத்த வைப்பது தெரிந்த உத்தி. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர் இப்படித்தான் நுழைந்தார்.

இரண்டாம் கட்டத்தை இயக்கும்போதே மீட்புக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் தருவார்கள். பலர் அதைப் பார்க்காமலேயே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தொலைபேசி தொலைந்துபோன நாளில், தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி மணி நேரத்தில், உங்களை உள்ளே விடப்போவது அந்தப் பட்டியல் ஒன்றுதான். அச்சிட்டு, முதன்மைக் கடவுச்சொல் எழுதிய தாளோடு சேர்த்து வையுங்கள். புதிய தொலைபேசி வாங்கினால், பழையதை அழிப்பதற்கு முன்னால் ஆத்தென்டிகேட்டரைப் புதியதற்கு மாற்றி, ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதை விடுங்கள்.

5. வைஃபை

உங்கள் கல்லூரி எடுரோம் அமைப்பில் இருந்தால், அதே பயனர்பெயரைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள கல்வி நிறுவனங்களின் வைஃபையில் இணையலாம். பயனர்பெயரை '@' குறியும் கல்லூரியின் இணையப் பெயரும் சேர்த்து முழுதாக எழுத வேண்டும். இணையவில்லை என்று உதவி மையத்துக்கு வருபவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். சான்றிதழைச் சரிபார்க்க வேண்டுமா என்று தொலைபேசி கேட்கும்போது "வேண்டாம்" என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே பெயரில் போலியாக ஒரு வைஃபையை யாரும் வைக்க முடியும். உங்கள் கடவுச்சொல்லை அதற்குக் கொடுக்காமல் தடுப்பது அந்தச் சான்றிதழ்தான். கல்லூரி தரும் அமைவுச் செயலியைக் கொண்டு இணைத்தால் இந்தச் சரிபார்ப்பு தானாகவே அமைந்துவிடும்.

6. ஆய்வகம், நூலகம், வகுப்பறைக் கணினிகள்

பொதுக் கணினியில் உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து வேலை செய்யுங்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு மறுப்புச் சொல்லுங்கள், முடித்ததும் கணக்கிலிருந்து வெளியேறி எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள். சில நிமிடங்களுக்கு எழுந்து போனாலும் விண்டோஸ் விசையையும் L விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். மேக் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட், Q மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வங்கி வேலைகளைப் பொதுக் கணினியில் செய்யவே வேண்டாம்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று: வகுப்பறைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து கோப்பை எடுத்துவிட்டு, மணி அடித்ததும் அப்படியே விட்டுப் போவது வினாத்தாளை மேசையில் விட்டுப் போவதற்குச் சமம். பாடத்துக்குத் தேவையான கோப்பை மட்டும் வைத்த தனி இணைப்பு ஒன்றை முன்கூட்டியே உருவாக்கிக்கொண்டால், அந்தக் கணினியில் கணக்கைத் திறக்கவே வேண்டியிருக்காது.

7. போலிக் கடிதத்தை அடையாளம் காணுங்கள்

"உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது", "உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுள்ளது, இன்றே உறுதிசெய்யவும்", "துறைத்தலைவர் அவசரமாகத் தொடர்புகொள்ளச் சொன்னார்", "வாரம் சில மணி நேர வேலை, நல்ல ஊதியம்" என்று கடிதங்கள் வரும். அவற்றில் சில உண்மையான கல்லூரி முகவரியிலிருந்தே வரும் என்பதுதான் இதில் ஆபத்து. ஏற்கெனவே பறிபோன ஒரு மாணவரின் கணக்கிலிருந்து அனுப்பப்பட்டவை அவை. ஆகவே அனுப்பியவரின் முகவரி சரியாக இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது. எழுத்துப்பிழையைத் தேடும் பழைய அறிவுரையும் இன்று உதவாது; பிழையில்லாத கடிதத்தை எழுதித்தரும் கருவிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன.

பார்க்க வேண்டியது இணைப்பு எங்கே போகிறது என்பதைத்தான். முகவரியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. உங்கள் கல்லூரியின் தளம் கல்லூரி.ஆர்க் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் (தொலைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தால்) முழு முகவரி தெரியும். தொடக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். நூலகம்.கல்லூரி.ஆர்க் என்றால் கடைசிப் பகுதி கல்லூரி.ஆர்க், ஆகவே அது உங்களுடையது. கல்லூரி.ஆர்க்.லாகின்-உதவி.காம் என்றால் கடைசிப் பகுதி லாகின்-உதவி.காம், முன்னால் எத்தனை முறை கல்லூரியின் பெயர் வந்தாலும் அது வேறொருவருடைய தளம். முகவரிக்கு அருகே பூட்டுப் படம் தெரிகிறது என்பதை நம்பிக்கைக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்; இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை.

மூன்றாம் படியில் அமைத்த பெட்டகம் இங்கே இன்னொரு விதத்திலும் காப்பாற்றும். வழக்கமாகத் தானே கடவுச்சொல்லை நிரப்பும் பெட்டகம் ஒரு பக்கத்தில் அமைதியாக இருந்தால், அந்தப் பக்கத்தின் முகவரி அதற்குத் தெரிந்த முகவரி அல்ல என்று பொருள். அப்போது கடவுச்சொல்லைக் கையால் எடுத்து ஒட்டாதீர்கள். நின்று முகவரியைப் படியுங்கள். அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்பட்டிருக்கும் கியூஆர் குறியீடுகளுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கண்ணால் பார்த்து அவற்றைப் படிக்க முடியாது. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும், தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகவே சொன்னாலும், கொடுக்க வேண்டாம். அவர்கள் வேலைக்கு உங்கள் கடவுச்சொல் தேவையே இல்லை.

8. மடிக்கணினியும் தொலைபேசியும்

புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களுக்குள் அதை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது புகவில்லை. திருட்டுப் பதிப்பு மென்பொருள்களை நிறுவாதீர்கள். பல கல்லூரிகள் அலுவலக மென்பொருளையும் கணிதக் கருவிகளையும் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன. முதலில் அதைக் கேளுங்கள்.

கருவி திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி, விண்டோஸில் பிட்லாக்கரையோ சாதன மறையாக்கத்தையோ, மேக்கில் ஃபைல்வால்ட்டையோ இயக்கி, அதன் மீட்புச் சாவியையும் பெட்டகத்தில் வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறோர் இடத்தில் என்ற கணக்கில் பேக்கப் எடுங்கள். ஆய்வேட்டின் ஒரே பிரதி ஒரு பென் டிரைவில் இருக்கும் நிலையைப் போல வருத்தம் தருவது வேறில்லை. அது தொலைந்தால் யாராலும் மீட்டுத்தர முடியாது. கிளவுடில் தானாக ஒத்திசைவது மட்டுமே பேக்கப் ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள், ஏனென்றால் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

9. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணக்குகள்

மாணவர் மன்றத்தின் சமூக ஊடகக் கணக்கு, துறையின் பொது மின்னஞ்சல் போன்றவற்றின் கடவுச்சொல் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டு, படிப்பை முடித்துப் போனவர்களின் தொலைபேசிகளில்கூட இருந்துகொண்டிருக்கும். பெட்டகத்தின் பகிர்வு வசதியைப் பயன்படுத்துங்கள். பொறுப்பாளர்கள் மாறும் நாளிலேயே கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றுங்கள். மதிப்பெண் விரிதாளை அனுப்பும் ஆசிரியர்கள், ஒருவருக்கு அவருடைய மதிப்பெண் மட்டும் போகும்படி பாடத் தளத்தின் வழியாகவே அனுப்புங்கள்.

10. சிக்கிவிட்டால்

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். வேறொரு நல்ல கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பின்னர் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் சில இடங்களில் உள்ளேயே இருப்பார். அதற்குப் பிறகு பலரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு: மின்னஞ்சலின் அமைப்புகளில் வடிகட்டிகளும் முன்னனுப்பல் விதிகளும். உள்ளே வந்தவர், உங்கள் கடிதங்கள் எல்லாம் தன் முகவரிக்கும் போகும்படியோ, எச்சரிக்கைக் கடிதங்கள் நேரே குப்பைக்குப் போகும்படியோ ஒரு விதியை எழுதிவைத்திருக்கலாம். நீங்கள் எழுதாத விதி எதுவானாலும் நீக்குங்கள். மீட்பு எண், மீட்பு முகவரி, பதிவான பாஸ்கீகள், அனுமதி பெற்ற செயலிகள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அதே மணி நேரத்தில் கல்லூரியின் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் பலர். அந்த மறைப்பினால்தான் ஒரு கணக்கிலிருந்து அடுத்த ஐம்பது பேருக்குக் கடிதம் போகிறது. நீங்கள் பத்து நிமிடத்தில் சொன்னால், அந்தப் போலி முகவரியை வளாகம் முழுவதற்கும் அவர்களால் தடுத்துவிட முடியும். உதவி மையத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏமாந்து வந்தவரைக் கடிந்து அனுப்பினால் அடுத்தவர் வரமாட்டார்.

11. கல்லூரியை விட்டுப் போகும்போது

படிப்போ பணியோ முடிந்த சில காலத்தில் கணக்கு மூடப்படும். அந்த முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்த வேறு கணக்குகள் அப்போது கைவிட்டுப் போகும், ஏனென்றால் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பு இல்லாத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். பெட்டகத்தில் கல்லூரி முகவரியைத் தேடினால் அப்படிப்பட்ட கணக்குகளின் பட்டியல் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். கல்லூரி கிளவுடில் உள்ள ஆய்வேடு, புகைப்படங்கள், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றைத் தரவிறக்குங்கள், நீங்கள் உரிமையாளராக இருக்கும் கூட்டு ஆவணங்களை அங்கே தொடர்பவருக்கு உரிமை மாற்றிக் கொடுங்கள். கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்பதைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.